சீனப் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் எப்படி உருவாகிறது?

சீனர்களின் நல்ல நாள் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சில் பாதி எட்டு என்ற எண்ணைப் பற்றியது. மீதி, அவர்கள் நிலவைப் பார்த்து நாள் குறிப்பார்கள் என்பது. எட்டு ராசியான எண் என்பது தனிப் பழக்கம், பஞ்சாங்கக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. நிலவு விஷயம் பெருமளவு தவறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் கடைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைத் தினமும் பார்க்கிற தமிழர்கள்கூட, அதில் பொடி எழுத்தில் இருப்பது எந்தக் கணக்கில் வருகிறது என்று யோசித்திருக்க வாய்ப்பு குறைவு. இப்போது கைபேசிச் செயலிகளும் சேர்ந்துகொண்டு, இன்று நல்ல நாள், நாளை கெட்ட நாள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன.

அப்படி ஒரே சொல்லில் முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. எந்தக் காரியத்துக்கு, யாருக்கு என்ற இரண்டு கேள்விகள் இல்லாமல் சீனப் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் விரல்விட்டு எண்ணுகிற வேலைதான். நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு, ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஏற்பதும் தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நாளுக்குரிய கட்டத்தில் என்ன இருக்கிறது

இந்தப் பஞ்சாங்கத்தை மாண்டரினில் ஹுவாங்லி என்பார்கள், கான்டனீஸ் பேசுகிறவர்கள் துங் ஷிங் என்பார்கள். தினம் கிழிக்கிற தாள் ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வருகிற தடித்த புத்தகம் ஆனாலும், ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பட்டியல்கள் கண்ணில் படும். ஒன்று ‘யீ’, அன்று செய்யத் தக்கவை. மற்றது ‘ஜீ’, அன்று தவிர்க்க வேண்டியவை.

பட்டியலில் வருகிற காரியங்களைப் பார்த்தால் ஒரு விவசாயக் குடும்பத்தின் முழு வாழ்க்கையும் தெரியும். கல்யாணம், நிச்சயம், புது வீட்டுக்குக் குடிபோவது, கடை திறப்பது, அஸ்திவாரத்துக்கு மண் தோண்டுவது, அடக்கம் செய்வது, கட்டில் போடுவது, துணி வெட்டித் தைப்பது, முடி வெட்டுவது, குளிப்பது, வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்வது, பழைய சுவரை இடிப்பது, வேட்டையாடுவது என்று நீளும். சிங் வம்சத்தில் 18-ஆம் நூற்றாண்டில் அரசவை தொகுத்த நாள் தேர்வு நூலில் அரசருக்குரிய காரியங்கள் 67, குடிமக்களுக்குரியவை 37 என்று தனித்தனியாக வகுத்தே வைத்திருந்தார்கள். படையெடுப்புக்கும் தூதரை அனுப்பவும் நாள் பார்க்க வேண்டியது அரசர்தானே.

ஒரே நாளில் ‘யீ’ பக்கம் கல்யாணமும் ‘ஜீ’ பக்கம் அடக்கமும் இருக்கலாம். அடுத்த நாள் தலைகீழாக இருக்கலாம். பழைய வீட்டை இடிக்கத் தோதான நாள், புது வீட்டுக்குப் போக ஆகாது. எல்லாவற்றுக்கும் ஆகாத நாள் என்று அச்சிடப்படுகிற நாள்களும் உண்டு, ஆனால் அவை குறைவு. எல்லாவற்றுக்கும் நல்ல நாள் என்பது அநேகமாக இல்லவே இல்லை.

இதுவரை: ஒரு நாள் என்பது செய்யத் தக்கவை, தவிர்க்க வேண்டியவை என்ற இரண்டு பட்டியல். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இனி.

கிழமை மாதிரி ஓடும் அறுபது

இன்று வெள்ளிக்கிழமை என்று எப்படித் தெரியும்? வானத்தில் எந்த அடையாளமும் இல்லை. நேற்று வியாழன், அதனால் இன்று வெள்ளி, அவ்வளவுதான். 1582-இல் ஐரோப்பாவில் நாள்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார்கள். பத்துத் தேதிகள் காணாமல் போயின, ஆனால் வியாழனுக்கு அடுத்து வெள்ளிதான் வந்தது. தேதி எப்படி மாறினாலும் கிழமை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சீனர்களுக்கு அப்படி ஓடுகிற சுற்று ஏழு நாள் அல்ல, அறுபது நாள். அதை உண்டாக்குவது இரண்டு வரிசைகள். முதல் வரிசையில் பத்து பெயர்கள், அவற்றைத் தண்டுகள் என்பார்கள். இரண்டாவதில் பன்னிரண்டு, அவை கிளைகள். இரண்டு வரிசையும் ஒரே நாளில் முதல் பெயரிலிருந்து கிளம்பி, தினம் ஒரு பெயராக நகரும். பத்து முடிந்ததும் தண்டு மறுபடி முதலுக்குப் போகும், கிளைக்கு இன்னும் இரண்டு பாக்கி இருக்கும். இப்படியே போய் அறுபது நாள் கழித்துத்தான் இரண்டும் சேர்ந்து மறுபடி முதல் ஜோடிக்கு வரும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவான சிறிய மடங்கு அறுபது, பள்ளிக்கூடக் கணக்குதான்.

பன்னிரண்டு கிளைகளும் நமக்குத் தெரிந்தவைதான். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்ற அந்த விலங்குகள் கிளைகளோடு ஒட்டிக்கொண்டவை. வருடத்துக்கு விலங்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். மாதத்துக்கு, நாளுக்கு, இரண்டு மணி நேரம் கொண்ட ஒவ்வொரு வேளைக்கும்கூட விலங்கு உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது, நாள் தேர்வில் வேலை செய்வதோ பெரும்பாலும் நாளின் விலங்கும் மாதத்தின் விலங்கும்தான். எளிமைக்காக இனி கிளைகளை விலங்குப் பெயராலேயே சொல்கிறேன்.

இந்த நாள் சுற்று எவ்வளவு காலமாக ஓடுகிறது என்பது என்னை அசத்துகிற விஷயம். ஷாங் வம்சத்தார் எலும்பில் கீறிய குறிப்புகளிலேயே, அதாவது மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்த ஜோடிப் பெயர்களால்தான் நாள்களைக் குறித்தார்கள். கி.மு. 720-இல் நடந்த ஒரு சூரிய கிரகணத்தை, சுற்றின் ஆறாவது நாளான பாம்பு நாளில் நடந்ததாக ஒரு சீனக் குறிப்பு சொல்கிறது. இன்றைய வானியல் கணக்கில் அந்தக் கிரகணம் பிப்ரவரி 22-ஆம் தேதி. இன்றைய பஞ்சாங்கத்திலிருந்து அறுபது அறுபதாகப் பின்னால் எண்ணிக்கொண்டே போனால் அதே ஆறாவது பெயரில் போய் நிற்கிறது. இடையில் எத்தனை வம்சங்கள், எத்தனை போர்கள், எத்தனை நாள்காட்டித் திருத்தங்கள்! ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

சுருக்கமாக: ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு, அது வானத்தைப் பார்த்து அல்ல, இடைவிடாத எண்ணிக்கையால் வருகிறது.

இரண்டு வகை மாதம், அங்கேதான் குழப்பம்

சீன நாள்காட்டியில் அமாவாசையன்று மாதம் தொடங்கும். புத்தாண்டு, முழுநிலவுத் திருவிழா, பேய் மாதம் என்கிற ஏழாம் மாதம் எல்லாம் இந்தச் சந்திர மாதத்தில் வருபவை. அதனால்தான் சந்திர பஞ்சாங்கம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் நாள் தேர்வுக்குப் பயன்படுகிற மாதம் வேறு, அது முழுக்கச் சூரியனைச் சார்ந்தது. சூரியனின் ஓராண்டுப் பாதையை 15 பாகைக்கு ஒன்றாக 24 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றைப் பருவக் குறிகள் என்று சொல்லலாம். யுனெஸ்கோ 2016-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த 24-ஐத்தான். இவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு குறிகள், நாள் தேர்வுக்கான பன்னிரண்டு மாதங்களைத் தொடங்கிவைக்கின்றன. பிப்ரவரி 4-ஆம் தேதி வாக்கில் வரும் ‘லிச்சுன்’, அதாவது வசந்தத் தொடக்கம், புலி மாதத்தைத் திறக்கிறது. மார்ச் 5 அல்லது 6-இல் முயல் மாதம். அப்படியே ஆகஸ்ட் 7 அல்லது 8-இல் குரங்கு மாதம். சித்திரையும் ஆடியும் சூரியனை வைத்துப் பிறப்பது நமக்குப் பழக்கம் என்பதால் தமிழ் வாசகருக்கு இது எளிதில் பிடிபட வேண்டும்.

இரண்டு மாதக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாததால் ஒரு வேடிக்கையான விளைவு உண்டு. சந்திர வருடம் சுமார் 354 நாள். சூரிய வருடத்தைவிட்டு விலகிப் போகாமலிருக்கச் சில வருடங்களில் ஒரு கூடுதல் மாதம் சேர்ப்பார்கள், அப்போது சுமார் 384 நாள். வசந்தத் தொடக்கமோ சூரியனுக்குக் கட்டுப்பட்டு பிப்ரவரி 4-ஐ ஒட்டியே நிற்கும். அதனால் நீண்ட சந்திர வருடத்துக்குள் அது இரண்டு முறை விழும், குட்டை வருடம் சிலவற்றில் ஒருமுறைகூட விழாது. 2024 பிப்ரவரி 10-இல் தொடங்கி 2025 ஜனவரி 28-இல் முடிந்த டிராகன் வருடம் அப்படிப்பட்டது. அதற்கு முந்தைய முயல் வருடத்தில் இரண்டு. வசந்தம் இல்லாத வருடத்தைச் சீனாவின் பல பகுதிகளில் விதவை வருடம் என்று சொல்லி, கல்யாணத்துக்கு ஆகாது என்பார்கள்.

இது ஏதோ அபூர்வ அபசகுனம் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். 19 வருடத்தில் 19 வசந்தத் தொடக்கங்கள். அந்த 19-இல் கூடுதல் மாதம் உள்ள ஏழு வருடங்கள் தலைக்கு இரண்டு என்று 14-ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஐந்து, வருடங்களோ பன்னிரண்டு. ஆக ஏழு வருடங்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற சாதாரண கணக்கு மிச்சம் இது, இதற்கு விதவை என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. சீனாவில் 2023-இல் பதிவான திருமணங்கள் சுமார் 76.8 லட்சம், 2024-இல் சுமார் 61 லட்சம். முழுப் பழியையும் இந்த நம்பிக்கை மேல் போட முடியாது. இளையவர்கள் எண்ணிக்கையே குறைந்து வருகிறது, கொரோனாவால் தள்ளிப்போன திருமணங்கள் 2023-இல் சேர்ந்து நடந்தன. ஆனாலும் அந்தப் பேச்சு அந்த ஆண்டுகளில் சீனாவில் பரவலாக இருந்தது உண்மை.

சுருக்கமாக: திருவிழாவுக்குச் சந்திர மாதம், நாள் தேர்வுக்குச் சூரிய மாதம்.

பன்னிரண்டு அதிகாரிகள்

இப்போது நாளுக்கு ஒரு விலங்கு, சூரிய மாதத்துக்கு ஒரு விலங்கு கிடைத்துவிட்டது. இரண்டையும் பொருத்துவதுதான் நாள் தேர்வின் முதுகெலும்பு.

பன்னிரண்டு அதிகாரிகள் என்று ஒரு வரிசை உண்டு. அதிகாரி என்றால் அன்றைய நாளைப் பொறுப்பேற்று நடத்துகிற பதவி, அவ்வளவுதான். வரிசை இப்படிப் போகும்: தொடக்கம், நீக்கல், நிறைவு, சமன், உறுதி, பிடிப்பு, உடைப்பு, அபாயம், வெற்றி, வரவு, திறப்பு, அடைப்பு. மாதத்தின் விலங்கும் நாளின் விலங்கும் ஒன்றாக இருக்கிற நாள் ‘தொடக்கம்’. அங்கிருந்து நாளுக்கு ஒன்றாக எண்ண வேண்டியதுதான். புலி மாதத்தில் புலி நாள் தொடக்கம், முயல் நாள் நீக்கல், டிராகன் நாள் நிறைவு, இப்படி.

பெயரே பெரும்பாலும் வேலையைச் சொல்லிவிடும். நீக்கல் நாளில் வீட்டைச் சுத்தம் செய்யலாம், வைத்தியம் பார்க்கலாம். உறுதி நாளில் ஒப்பந்தமும் நிச்சயமும். பிடிப்பு நாள் வேட்டைக்கு. வரவு நாளில் பாக்கி வசூலிக்கலாம், அடக்கம் மட்டும் கூடாது. திறப்பு நாளில் கடை திறக்கலாம், அன்றும் அடக்கம் ஆகாது. அடைப்பு நாளில் பொந்தை மூடலாம், சுவர் எழுப்பலாம். வெற்றி நாள் கல்யாணம், வியாபாரம் என்று எல்லோரும் தேடுகிற நாள். அபாய நாளில் உயரத்தில் ஏறாதே, பயணம் போகாதே என்பார்கள், ஆனால் புதுக் கட்டில் போட அது நல்ல நாளாம்! பெயரை மட்டும் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. உடைப்பு நாளோ இடிக்கிற வேலைக்கும் நோயை விரட்டுவதற்கும் தவிர எதற்கும் ஆகாது.

ஏன் உடைப்பு நாள் மட்டும் அவ்வளவு மோசம்? அது வரிசையில் ஏழாவது. பன்னிரண்டு விலங்குகளை வட்டமாக நிறுத்தினால், மாதத்தின் விலங்குக்கு நேர் எதிரே நிற்பது ஏழாவதாக வருகிற விலங்கு. புலி மாதத்தின் உடைப்பு நாள் எப்போதும் குரங்கு நாள். நாள் மாதத்தை எதிர்த்து நிற்கிறது என்பதுதான் அதன் குற்றம். பெயரும் பலனும் அந்த எதிர்ப்பிலிருந்து பிறந்தவை, நட்சத்திரமோ கிரகமோ அதில் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதிகாரிகளும் பன்னிரண்டு, விலங்குகளும் பன்னிரண்டு. அப்படியே விட்டால் புலி நாளுக்கு வருடம் முழுக்க ஒரே அதிகாரிதான் இருப்பார். ஆனால் மாதம் மாறும்போது தொடக்கம் அடுத்த விலங்குக்கு நகர வேண்டும். அதனால் சூரிய மாதம் பிறக்கிற நாளில் முந்தின நாளின் அதிகாரியே மறுபடியும் பொறுப்பில் இருப்பார். வருடத்துக்குப் பன்னிரண்டு முறை இப்படி இரட்டிக்கும். நாள்காட்டியில் அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு ஒரே பெயர் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள், அன்று சூரிய மாதம் மாறியிருக்கிறது.

1975-இல் ஹூபெய் மாகாணத்தின் யுன்மெங் பகுதியில், ஷுய்ஹுதி என்ற இடத்தில், சின் அரசின் உள்ளூர் அதிகாரி ஒருவரின் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217 வாக்கில் புதைக்கப்பட்டவர். சட்டத்துறையில் வேலை பார்த்தவர் என்பதால் மூங்கில் பட்டைகளில் எழுதிய சட்டக் குறிப்புகள் குவியலாகக் கிடைத்தன, அவற்றோடு நாள் பார்க்கும் ஏடுகளும். அந்த ஏடுகளில் இருக்கும் பன்னிரண்டு அதிகாரிகளின் வரிசை கிட்டத்தட்ட இன்று அச்சாகிற அதே வரிசைதான். பேரரசு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ஊர் அதிகாரி ஒருவர் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்திருந்த பட்டியல் இன்று கைபேசியில் வருகிறது.

யாருக்கு ஆகாது: மோதல்

எதிர் எதிரே நிற்கிற விலங்குகள் முட்டிக்கொள்ளும் என்ற அதே விதியை ஆளுக்கும் பொருத்துவார்கள். இதை மோதல் என்பார்கள். எலிக்குக் குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. டிராகன் நாளில் ‘நாயோடு மோதல்’ என்று அச்சாகியிருந்தால், நாய் வருடத்தில் பிறந்தவர்கள் அன்று பெரிய காரியம் தொடங்க வேண்டாம் என்று பொருள். ஊரில் மற்றவர்களுக்கு அந்த நாள் அருமையாக இருக்கலாம்.

கூடவே ஒரு திசையும் இருக்கும், அன்று கேடு நிற்கும் திசை. எலி, டிராகன், குரங்கு நாள்களில் தெற்கு. புலி, குதிரை, நாய் நாள்களில் வடக்கு. எருது, பாம்பு, சேவல் என்றால் கிழக்கு. மற்ற மூன்றுக்கும் மேற்கு. நம் நாள்காட்டியில் வாரசூலம் பார்ப்பவர்களுக்கு இந்த வரி உடனே புரியும், ஆனால் இது கிழமையைப் பொறுத்தது அல்ல.

ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம்: 8-8-2008

பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கிய நாள். எட்டு எட்டாக அடுக்கிய தேதி, இரவு எட்டு மணிக்கு விழா. சீனர்களின் நல்ல நாளுக்கு உதாரணமாக எல்லோரும் சொல்வது இதைத்தான். பஞ்சாங்கம் என்ன சொல்கிறது?

அன்று டிராகன் நாள். முந்தின நாள் ஆகஸ்ட் 7-இல் குரங்கு மாதம் பிறந்துவிட்டது. குரங்கிலிருந்து எண்ணுங்கள்: குரங்கு தொடக்கம், சேவல் நீக்கல், நாய் நிறைவு, பன்றி சமன், எலி உறுதி, எருது பிடிப்பு, புலி உடைப்பு, முயல் அபாயம், டிராகன் வெற்றி. ஆக அது வெற்றி நாள்! ஆகஸ்ட் 6, 7 இரண்டு நாளும் அபாய நாள், மாதம் மாறியதால் இரட்டித்தது. இது தவிர ஆறு நல்லவை, ஆறு கெட்டவை என்று இன்னொரு பன்னிரண்டு காவலர் வரிசையும் பஞ்சாங்கத்தில் உண்டு. அதிலும் அன்றைக்கு வந்தது நல்ல பக்கத்தைச் சேர்ந்த ‘பொற்பெட்டி’.

அடடா, கச்சிதம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை நாய் வேளை. டிராகன் நாளுக்கு நாய் நேர் எதிரி, அதாவது விழா நடந்த வேளை அந்த நாளோடு மோதுகிற வேளை. அதோடு சந்திரக் கணக்கில் அது ஏழாம் மாதத்தின் எட்டாம் நாள், பேய் மாதம். அந்த மாதத்தில் கல்யாணமோ குடிபோவதோ வேண்டாம் என்று ஒதுக்குகிற குடும்பங்கள் தென்சீனாவிலும் மலேசியாவிலும் ஏராளம். முறையாக நாள் பார்க்கிறவரிடம் கொடுத்திருந்தால் நாளை வைத்துக்கொண்டு வேளையை மாற்றச் சொல்லியிருப்பார், கறாரானவராக இருந்தால் மாதத்தையே மாற்றச் சொல்லியிருப்பார். எட்டாம் எண் மோகமும் பஞ்சாங்கமும் தனித்தனி உலகம் என்று காட்ட இதைவிடத் தெளிவான நாள் கிடைக்காது.

நட்சத்திரமே இல்லையா?

உண்டு, பெயரளவில். சீன வானியலில் 28 விண்மீன் கூட்டங்கள் உள்ளன, நம் 27 நட்சத்திரங்கள் போல. பஞ்சாங்கத்தில் நாளுக்கு ஒன்று அச்சாகும். நம் பஞ்சாங்கத்தில் இன்று ரோகிணி என்றால் நிலவு உண்மையிலேயே வானத்தின் அந்தப் பகுதியில் இருக்கிறது. சீனப் பஞ்சாங்கத்தின் 28 அப்படியல்ல, அதுவும் தினம் ஒன்றாக நகர்கிற வெறும் எண்ணிக்கை. 28 என்பது நான்கு ஏழு, அதனால் ஒவ்வொரு கூட்டமும் எப்போதும் ஒரே கிழமையில்தான் வரும்.

சீனாவுக்குக் கிழமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று தெரிகிறது. ஏழு கிரகங்களின் பெயரால் நாளை எண்ணும் முறை தாங் வம்ச காலத்தில் பௌத்தத் துறவிகளின் வழியே பரவியது. அந்தத் துறவிகளில் ஒருவரான அமோகவஜ்ரர் 759-இல் இந்த விஷயத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்துத் தந்தார். அதற்கும் முன்பே, 718-இல், கௌதம சித்தர் என்ற இந்திய வழி வானியலாளர் தாங் அரசவையில் நவகிரகக் கணக்கைச் சீனத்தில் தந்திருந்தார்.

பஞ்சாங்கங்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஒரு செயலி கல்யாணத்துக்கு ஆகும் என்கிறது, இன்னொன்று ஆகாது என்கிறது. எது சரி என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் வயது. ஹான் பேரரசர் வூ, கி.மு. 141 முதல் 87 வரை ஆண்டவர், நாள் பார்க்கிறவர்களைக் கூட்டி, இன்ன நாளில் பெண் கொள்ளலாமா என்று கேட்டாராம். ஐம்பூதம் பார்க்கிறவர் ஆகலாம் என்றார். மண்மனை பார்க்கிறவர் கூடாது என்றார். பன்னிரண்டு அதிகாரி கணக்கர் நல்லதல்ல என்றார். ஒருவர் பெருங்கேடு என்றார், ஒருவர் சிறு கேடு என்றார், ஒருவர் சிறு நன்மை என்றார், ஒருவர் பெரும் நன்மை என்றார். சண்டை முடியவில்லை. கடைசியில் பேரரசர் ஐம்பூதக் கணக்கை முதன்மையாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஆணையிட்டார்.

அந்த ஏழு பள்ளிகளும் ஒழிந்து போகவில்லை, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. அதிகாரி நல்லது சொல்வார், காவலர் கெட்டது சொல்வார், விண்மீன் கூட்டம் மூன்றாவதாக ஏதோ சொல்லும். எதற்கு எடை அதிகம் என்று தொகுப்பவர் தீர்மானிக்கிறார். சிங் அரசவை 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெரிய தொகுப்பைச் செய்ததே இந்த முரண்களை ஒழுங்குபடுத்தத்தான். இன்றைய பல பஞ்சாங்கங்கள் அதன் வழி, சில குடும்ப மரபு வழி. செயலிகளில் எந்த வழி என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று அரசுகள் ஒருபோதும் நினைக்கவில்லை. தனியார் பஞ்சாங்கம் அச்சிடுவதைத் தாங் அரசு 835-இல் தடை செய்தது. தடையால் ஒன்றும் நின்றுவிடவில்லை, வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங்கில் கிடைத்த 877-ஆம் ஆண்டுக்கான அச்சுப் பஞ்சாங்கம் இன்றும் இருக்கிறது. 1664-இல் இது உயிரையே எடுக்கப் பார்த்தது. ஜெர்மானிய ஏசு சபைத் துறவி ஆதாம் ஷால் அப்போது அரச வானியல் துறையின் தலைவர். 1658-இல் கைக்குழந்தையாக இறந்த இளவரசனின் அடக்கத்துக்கு அவருடைய துறை தவறான முறையில் நாள் குறித்தது, அதனால்தான் அதன்பின் அரச குடும்பத்தில் சாவுகள் என்று யாங் குவாங்ஷியன் என்பவர் குற்றம் சாட்டினார். ஷாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1665-இல் பெய்ஜிங்கில் நிலநடுக்கம் வந்தது, அது சகுனமாகக் கொள்ளப்பட்டு அவர் தப்பினார். அவருக்குக் கீழே வேலை செய்த சீன வானியலாளர்கள் ஐந்து பேரோ வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஐவரைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதிர்ப்புக் குரலும் சீனாவிலேயே பழையது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்ற சிந்தனையாளர், எலி நாளில் தலைக்குக் குளித்தால் எல்லோரும் விரும்புவார்கள், முயல் நாளில் குளித்தால் முடி நரைக்கும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, பதினைந்து வயதுப் பெண் முயல் நாளில் குளித்தால் நரைத்துவிடுமா என்று கேட்டார். தலைக்கு நாள் பார்க்கிறவர்கள் முகம் கழுவ ஏன் பார்ப்பதில்லை என்றும் கேட்டார்.

சரி, நடைமுறையில் எப்படி?

மாப்பிள்ளை 1994 மே மாதம் பிறந்தவர், நாய். பெண் 1996 ஜூலை, எலி. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு விலங்கு முந்தின வருடத்துடையதாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கல்யாணத்தை அக்டோபர் 8 வாக்கில் தொடங்கும் நாய் மாதத்தில் வைக்க ஆசை.

முதலில் உடைப்பு நாளைத் தள்ள வேண்டும். நாய் மாதத்துக்கு அது டிராகன் நாள், மாப்பிள்ளையோடு மோதுகிற நாளும் அதுவே. அடுத்து பெண்ணோடு மோதுகிற குதிரை நாள். நாயிலிருந்து எண்ணிப் பாருங்கள், இந்த மாதத்தில் குதிரை நாள்தான் வெற்றி நாள். ஊரே அந்த நாளில் கல்யாணம் வைக்கும், இந்தப் பெண்ணுக்கு மட்டும் அது கிடையாது. மிஞ்சுவது உறுதி நாளான புலியும் திறப்பு நாளான குரங்கும், முப்பது நாளில் ஒவ்வொன்றும் இரண்டோ மூன்றோ முறை வரும். ஆக ஐந்து நாள்.

இதற்கு மேல் பெற்றோரின் விலங்கு, முழு ஜாதகம், வேளை என்று பார்க்க வேண்டுமானால் நாள் குறிப்பவரிடம் போவார்கள், எளிய கணக்கு இத்துடன் நின்றுவிடும். அந்த ஐந்தில் சனி, ஞாயிறில் விழுவது சராசரியாக ஒன்றோ இரண்டோதான். வெற்றி நாளில் மோதல் இல்லாத ஜோடிகளுக்கும் கணக்கு இதேபோல ஒன்றிரண்டு வார இறுதிகளில்தான் வந்து முடிகிறது, கல்யாண மண்டபத்துக்கும் விருந்து உணவகத்துக்கும் அடிதடி வருவது அங்கேதான்.